பணம் கட்டுவதற்கு முன் ஆறு வாரம்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் 1 கணிதப் பிரிவு, தமிழ் வழி. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைப்பேசி. அவளுடைய அப்பா வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வந்த பிறகுதான் அது அவள் கைக்கு வரும். அவள் ஐஐடி என்கிறாள். ஆன்லைன் பயிற்சி நிறுவனம் ஒன்றிலிருந்து மூன்று வாரமாக அன்றாடம் உங்களுக்கு அழைப்பு வருகிறது. இரண்டு ஆண்டுக் கட்டணத்தை மாதத் தவணையாக்கித் தருகிறோம், இன்றைக்குள் சொன்னால் சலுகை என்கிறார்கள். கடைசியில், "கட்டாமல் விட்டால் பிள்ளைக்குத் துரோகம் செய்தவள் ஆகிவிடுவேனோ" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே மாட்டீர்கள். முதலில் அதை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேரின் பெற்றோர் என் முன்னால் உட்கார்ந்து இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் "இன்றைக்குள்" என்ற சொல்லே பிறக்கிறது. இன்றைக்கு நல்லதாக இருக்கும் வகுப்பு ஆறு வாரம் கழித்தும் நல்லதாகவே இருக்கும்.

மாதத் தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் கடன். நிதி நிறுவனம் ஒன்று முழுத் தொகையையும் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். நீங்கள் நிதி நிறுவனத்துக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுவீர்கள். பிள்ளை மூன்றாம் மாதமே வகுப்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாலும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். இப்படி ஒரு தந்தை, மகன் வேறு படிப்பில் சேர்ந்த பிறகும் தவணை கட்டிக்கொண்டிருந்ததை நானே பக்கத்திலிருந்து பார்த்தேன். மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோருக்கு விடுத்த எச்சரிக்கையிலும் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டைப் பற்றியும், தெரியாமலே கடனில் கையெழுத்திடுவதைப் பற்றியும் சொல்லியிருந்தார்கள். முதலிடம் பிடித்தவர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள் என்றீர்களே, அந்த மாணவர் எந்தப் பயிற்சி எடுத்தார், எத்தனை காலம் எடுத்தார், பணம் கட்டிப் படித்தாரா என்று கேளுங்கள். அவற்றை மறைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

ஆன்லைன் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊர் போன்ற இடத்திலிருந்து ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇக்குத் தயாராக அதைவிட நல்ல வழி இல்லை. வீடியோ பார்ப்பதையே படிப்பு என்று பிள்ளைகள் நம்பிவிடுவதில்தான் எனக்குக் கவலை. திரையில் ஆசிரியர் கணக்கைப் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நோட்டைத் திறந்து தனியாக உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நிற்கும். அந்த நின்ற இடத்திலிருந்துதான் அவளுடைய படிப்பு தொடங்குகிறது.

தேர்வு எப்படி என்பதை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜேஇஇ மெயின் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை கணினியில் நடத்துகிறது. மூன்று மணி நேரம், இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் தலா 25 கேள்விகள், ஆக 75 கேள்விகள், 300 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழியும். ஒவ்வொரு பாடத்திலும் 5 கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் தரமாட்டார்கள்; எண்ணைக் கண்டுபிடித்து, திரையில் தெரியும் எண் பலகையில் மவுஸால் தட்ட வேண்டும். ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை நடக்கிறது. இரண்டும் எழுதினால் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஐஐடிக்கு இது முதல் படி மட்டுமே. இதில் முன்னால் வரும் சுமார் இரண்டரை லட்சம் பேர்தான் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதலாம். திருச்சி என்ஐடி (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) போன்ற கல்லூரிகளுக்கு மெயின் தேர்வே போதும். அங்கே பாதி இடங்கள் சொந்த மாநில மாணவர்களுக்கு. ஐஐடி என்ற ஒரே சொல்லில் மனதைக் கட்டிப்போட்டிருக்கும் பிள்ளைக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணாக வருவது பெர்சென்டைல். 90 என்று வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினாள் என்று பொருள் அல்ல. அவள் எழுதிய வேளையில் எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவளுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று பொருள். ஒரு மாதிரித் தேர்வில் 300-க்கு 110 வாங்கிய பெண்ணை அவள் வீட்டில் பெயில் ஆனதைப் போலத் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். பள்ளித் தேர்வின் அளவுகோலை இங்கே கொண்டுவராதீர்கள்.

இப்போது ஆறு வாரம். ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். ஐஐடி கான்பூர் நடத்தும் 'சாத்தி' தளத்தில் ஜேஇஇ பாடங்கள் இலவசம். ஐஐடி பேராசிரியர்கள் எடுத்த 'ஐஐடி-பால்' வகுப்புகள் ஸ்வயம் பிரபா தொலைக்காட்சி அலைவரிசைகளில் வருகின்றன. மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூல்கள் இணையத்தில் விலையில்லாமல் கிடைக்கின்றன. தேர்வு முகமையின் தளத்தில் பழைய வினாத்தாள்களும் உண்மையான தேர்வுத் திரையைப் போன்ற மாதிரித் தேர்வுகளும் உள்ளன. இவற்றை வைத்து ஆறு வாரம் உழைத்துவிட்டால், பணம் கொடுத்து எதை வாங்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

கைப்பேசி எட்டு மணிக்குத்தான் வரும் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அது அப்படியே இருக்கட்டும். பள்ளி விட்டு வந்து ஆறிலிருந்து எட்டு வரை பாடநூலும் நோட்டும் மட்டும். முந்தைய நாள் கைப்பேசியில் பார்த்துக் குறித்துக்கொண்ட பதினைந்து கணக்குகளைத் தானே போட்டுப் பார்க்கட்டும். முடியாததற்குப் பக்கத்தில் ஒரு வட்டம். எட்டிலிருந்து ஒன்பது வரை கைப்பேசி: விடைகளைச் சரிபார்க்க, வட்டமிட்ட இடத்துக்கு உரிய வீடியோவை மட்டும் பார்க்க, மறுநாள் கணக்குகளை எழுதிக்கொள்ள. ஒன்பது மணிக்குக் கைப்பேசி அப்பாவிடம் திரும்பிவிட வேண்டும். நாள் முழுக்கக் கைப்பேசி கையில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்த ஒழுங்கு வாய்ப்பதே இல்லை.

அவளுக்கு ஒரு தனி நோட்டு வாங்கிக் கொடுங்கள். அட்டையில் 'பிழை நோட்டு' என்று எழுதட்டும். அதில் என்ன எழுத வேண்டும் என்பதை ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்ததும் 50 மீட்டரில் நிற்கிறது, எதிர்முடுக்கம் எவ்வளவு? என்னிடம் வந்த ஒரு மாணவி வேகத்தின் இருமடியைத் தூரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும் என்று சரியாகவே எழுதினாள். ஆனால் 72-ஐ அப்படியே இருமடியாக்கி, நூறால் வகுத்து, 51.84 என்றாள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். நானூறை நூறால் வகுத்தால் 4, அதுதான் விடை. சூத்திரம் தெரியும், கருத்து தெரியும், அலகை மாற்ற மறந்துவிட்டாள். இவளை மறுபடி அந்தப் பாடத்தின் ஒரு மணி நேர வீடியோவைப் பார்க்கச் சொன்னால் அந்த ஒரு மணி நேரம் வீண். பிழை நோட்டில் அவள் எழுத வேண்டியது ஒரே வரி: "கணக்கைத் தொடங்கும் முன் எல்லா அலகையும் மீட்டர், நொடிக்கு மாற்று."

ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் அது எந்த வகை என்று குறிக்கட்டும். தெரியாமல் விட்டதா, தெரிந்தும் தவறியதா, கேள்வியைச் சரியாகப் படிக்காததா. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதல் வகைக்கு மட்டுமே வகுப்பு தேவை. இரண்டாவதுக்குப் பயிற்சி, மூன்றாவதுக்கு நிதானம். இந்த இரண்டையும் எந்த நிறுவனமும் விற்க முடியாது.

வாரம் ஒரு முறை கணினியில் தேர்வு எழுத வேண்டும், கைப்பேசியில் அல்ல. திரையில் இருக்கும் படத்தைத் தாளில் வரைந்து, கணக்கை அங்கே போட்டு, விடையை மறுபடி திரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனித் திறமை. இந்தப் போக்குவரத்தில் எண்களை மாற்றி எழுதியே மதிப்பெண் இழக்கிற பிள்ளைகள் உண்டு. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் அமைத்திருக்கிறார்களே, தலைமையாசிரியரைப் பார்த்து, சனிக்கிழமை மூன்று மணி நேரம் இவள் அங்கே மாதிரித் தேர்வு எழுத அனுமதி கேளுங்கள். அவளோடு நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தால் இன்னும் எளிதாகக் கிடைக்கும். விடையைச் சேமிக்காமல் அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது, விடை எழுதியது பச்சையாகவும் எழுதாமல் விட்டது சிவப்பாகவும் தெரியும் என்பதெல்லாம் தேர்வு நாளன்று கற்கிற விஷயங்கள் அல்ல.

அங்கே எழுதும்போது எதை விடுவது என்றும் அவள் பழக வேண்டும். 40 கேள்விக்கு விடை எழுதி 30 சரி, 10 தவறு என்றால் 110 மதிப்பெண். 60 கேள்விக்கு எழுதி 32 சரி, 28 தவறு என்றால் 100. இரண்டு கேள்வி கூடுதலாகத் தெரிந்தும் பத்து மதிப்பெண் குறைவு.

தமிழ் வழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். வீடியோக்களிலும் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களே வரும். அவள் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று பாடநூலில் படித்ததைத்தான் அங்கே 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்பார்கள். இந்த ஒரு சொல் தெரியாததால் தெரிந்த பாடமே அந்நியமாகத் தோன்றும். பிழை நோட்டின் கடைசிப் பக்கங்களில் நாளுக்கு ஐந்து சொற்களாக இரு மொழியிலும் எழுதி வந்தால் ஆறு வாரத்தில் இருநூறு சொற்கள் சேர்ந்துவிடும். தமிழில் ஊன்றிப் படித்த பிள்ளைக்குச் சொற்களை மாற்றிக்கொள்வது பெரிய தடை அல்ல. என் அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்வேன்.

பாடத்திட்டத்தைத் தேர்வு முகமையின் தளத்திலிருந்து அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். 2024 தேர்விலிருந்து அதைக் குறைத்திருக்கிறார்கள். பழைய வீடியோக்களிலும் பழைய புத்தகங்களிலும் நீக்கிய பாடங்கள் அப்படியே இருக்கின்றன. திட நிலைமையும் புறப்பரப்பு வேதியியலும் ஜேஇஇயில் இப்போது இல்லை. ஆனால் நம் பிளஸ் 2 பாடநூலில் இருக்கின்றன, பொதுத்தேர்வுக்குப் படித்தே ஆக வேண்டும்.

பொதுத்தேர்வை ஒருபோதும் கை விடக் கூடாது. ஐஐடி, என்ஐடியில் சேர 12-ஆம் வகுப்பில் 75 சதவீதம் வேண்டும் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65), அல்லது தங்கள் வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வர வேண்டும். அதைவிட முக்கியம், தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200-க்கு வரும் கட் ஆஃப்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் ஓர் இடம் கிடைத்தால் அது எந்த விதத்திலும் தோல்வி அல்ல. இதை அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள், முடிவு வந்த பிறகு ஆறுதலாகச் சொல்ல வேண்டாம்.

சான்றிதழ் பற்றி ஒன்று. நம் மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் ஜேஇஇக்குப் போதாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசு படிவத்தில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வாங்க வேண்டும். அது அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய நாள் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

ஆறு வாரம் கழித்துப் பிழை நோட்டைப் புரட்டினால் நிலைமை தெரிந்துவிடும். 'தெரியாமல் விட்டது' ஒரே பாடத்தில் குவிந்திருந்தால் அந்தப் பாடத்துக்கு மட்டும் வகுப்பு வாங்கலாம். 'தெரிந்தும் தவறியது' மிகுதி என்றால் மாதிரித் தேர்வுத் தொகுப்பு போதும். அதன் விலை முழுப் பயிற்சியின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. எதுவானாலும் மாதா மாதம் கட்டி, வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும். பணம் திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

நாளை அவர்கள் அழைத்தால், "ஆறு வாரம் கழித்து நானே கூப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. முதல் சனிக்கிழமைத் தேர்வில் 300-க்கு 40 வந்தாலும் மகளிடம் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், நோட்டில் எத்தனை பிழை எழுதினாய் என்று கேளுங்கள். ஆறாவது வாரம் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இருவருமாக வாருங்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் நான் இருப்பேன். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.