இறங்கும் வழிக்கு முழங்காலைப் பழக்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 58. இளம் வயது முதல் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். நியூசிலாந்தில் வேலை செய்யும் மகன், வரும் பிப்ரவரியில் வழிகாட்டியோடு செல்லும் நடைப்பயணத்துக்கு அழைக்கிறான். ஏபல் டாஸ்மன் கடற்கரையில் மூன்று நாள், அடுத்து ரூட்பர்ன் மலைப்பாதையில் மூன்று நாள். படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. மகனிடம் இதைச் சொல்லவில்லை. என்னால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடுமோ? போகலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டு பாதைகளுக்கும் ஒரே மூச்சில் சம்மதம் சொல்லிவிடாதீர்கள்.

ஏபல் டாஸ்மன் பாதையின் முழு நீளம் 60 கிலோமீட்டர். அதன் கடற்கரைகள் பலவற்றுக்குப் படகு வந்து போவதால், பெட்டியைப் படகில் அனுப்பிவிட்டுக் கைவீசி நடக்கலாம். கால் வலித்தால் மறுநாள் நீங்களே படகில் ஏறி அடுத்த தங்குமிடத்தில் காத்திருக்கலாம். ரூட்பர்னில் அந்த வசதி கிடையாது. 33 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1,255 மீட்டர் உயரத்திலுள்ள ஹாரிஸ் கணவாயைக் கடக்கிறது. நடுவில் வண்டிச் சாலை இல்லை, கைப்பேசியும் எடுக்காது. ஆகவே கடற்கரையை முதலில் நடந்து பாருங்கள். மலைக்குப் போவதா என்பதை அங்கே உங்கள் முழங்காலே சொல்லிவிடும்.

மேடும் பள்ளமுமான நிரைகளில் பால்வாளி சுமந்து நடந்த உங்கள் கால்களின் உறுதியை நான் சிறிதும் ஐயப்படவில்லை. ஆனால் மரத்துக்கு மரம் நின்று சீவும் நடை வேறு, முதுகில் பையோடு கல்லிலும் படியிலும் மணிக்கணக்கில் விடாமல் இறங்கும் நடை வேறு. ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும். இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுவதையும் முழங்கால் தாங்க வேண்டும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சம்மதித்தால், ஈப்போவுக்கு அருகிலுள்ள கிளெடாங் மலைக்கு வாரம் இரண்டு முறை போய், இரு கைகளிலும் நடைக்கோல் ஊன்றிச் சிறு அடி வைத்து இறங்கிப் பழகுங்கள். ஒரு நாள் ஏறி இறங்கியபின் மறுநாளும் நடக்க முடிகிறதா என்பதையே முக்கியமாகக் கவனியுங்கள்.

முழங்கால் வலியைப் பயண ஏற்பாட்டாளருக்கு இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். குழுவின் கடைசியில் ஒரு வழிகாட்டி வருவாரா என்றும் கேளுங்கள். பின்னால் வருபவர் உங்களை விரட்டும் கங்காணி அல்லர். மெதுவாக நடப்பவரோடு நடப்பதே அவர் வேலை. மறைத்த வலிதான் குழுவைத் தாமதப்படுத்தும். முன்கூட்டியே சொன்ன வலிக்கு ஏற்றபடி அவர்கள் நேரத்தை வகுத்துக்கொள்வார்கள்.

நேரம் கண்டிப்பாகக் காக்கப்படும் இடம் ஒன்று உண்டு. ஏபல் டாஸ்மன் பாதையிலுள்ள அவாரோவா முகத்துவாரத்தை, கடல் முழுவதும் வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பிருந்து இரண்டு மணி பின்பு வரை மட்டுமே கடக்க முடியும். சுற்றிப் போக வேறு வழியில்லை. நான் கடந்தபோது தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே சில்லென்று ஓடியது. அடியில் சிப்பி ஓடுகள் நொறுங்கின. வெறுங்காலோடு இறங்கிய ஒருவர் பாதி வழியிலேயே நின்று சப்பாத்தை மாட்டிக்கொண்டார். உங்கள் பயணத்தில் அந்த இடம் வருமானால், அன்று எத்தனை மணிக்குக் கடப்பீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அங்குள்ள காட்டில் பாம்பு கிடையாது. மணல் ஈக்கள் கடிக்கும். நீண்ட கைச்சட்டை போதும். பிப்ரவரி அவர்களுக்குக் கோடைக்காலம்தான் என்றாலும் மலையில் எந்த மாதத்திலும் பனி பெய்யலாம். நனைந்த பருத்தித் துணி உடம்பின் சூட்டை இழுத்துவிடும் என்பதால் உள்ளே கம்பளி பனியனும் மேலே நல்ல மழைச்சட்டையும் தேவை. நம் தோட்டங்களில் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து அந்தக் குளிருக்கு உதவாது. கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்தை இப்போதே வாங்கி, கிளெடாங்கில் போட்டுப் பழக்குங்கள். புறப்படுமுன் அதன் அடியில் ஒட்டிய மண்ணைப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, விமான நிலையப் படிவத்தில் குறிப்பிடுங்கள். மகனுக்கென்று எடுத்துப் போகும் ஊறுகாயையும் மறைக்காமல் எழுதுங்கள். அறிவிக்காத உணவுக்கு அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிப்பார்கள்.

மகனிடம் இன்றே முழங்கால் வலியைச் சொல்லிவிடுங்கள். ரூட்பர்ன் முன்பதிவை எந்தத் தேதிவரை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் அவரையே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.