கட்டுநாயக்கவிலிருந்து எத்தனை மணித்தியாலம்?

விமான டிக்கெட் பதிவு செய்யும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். மட்டக்களப்புப் பக்கத்து உறவுகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கல்லடி: ஐயா, அம்மா ஜூலையில் முதன்முறையாகத் தனியே ரொறன்ரோ போகிறார். காலை 10.00 மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு, துபாயில் விமானம் மாறி, அன்றிரவு 9.30க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. பதினொன்றரை மணித்தியாலம்தானே?

இல்லை மகள், 21 மணித்தியாலம். டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் ரொறன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அதையும் கூட்ட வேண்டும். துபாய் வரை 4 மணி 40 நிமிடம், அங்கிருந்து ஏறத்தாழ 14 மணித்தியாலம். அப்படியானால் துபாயில் அம்மாவுக்குக் கிடைப்பது 2 மணி 20 நிமிடம் மட்டுமே. மொழி தெரியாத ஊரில், அந்தப் பெரிய நிலையத்தில், வயதானவருக்கு இது போதாது. நான்கு மணித்தியாலமாவது இடைவெளி உள்ள டிக்கெட்டாக மாற்றுங்கள். சக்கர நாற்காலி உதவியையும் இப்போதே பதிந்துவிடுங்கள். வாசல் வாசலாக அழைத்துச் செல்ல ஓர் ஆள் கூடவே வருவார்.

காத்தான்குடி: சேர், கனடா போக துபாய் சுற்றுவழி இல்லையா?

பூகோள உருண்டையில் கொழும்பையும் ரொறன்ரோவையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிப் போகும். அந்த நேர்வழி ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். துபாய் வழியாக 3,290 உடன் 11,080, மொத்தம் 14,370. கூடுவது 400 கிலோமீற்றருக்கும் குறைவு! சுவரில் தொங்கும் தட்டையான படம்தான் நம்மை ஏமாற்றுகிறது.

களுவாஞ்சிக்குடி: லண்டனா மெல்பேர்னா கிட்ட?

மெல்பேர்ன், ஆனால் மயிரிழையில். அது 8,360 கிலோமீற்றர், லண்டன் 8,710.

ஏறாவூர்: லண்டன் போக ஏறத்தாழ 11 மணித்தியாலம், திரும்பி வர அதைவிடக் குறைவு. ஏன்?

காற்று, தம்பி. பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும்.

வாழைச்சேனை: விமான நிலையத்துக்கு இங்கிருந்து எத்தனை மணிக்கு வான் வண்டி பிடிக்க வேண்டும்?

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க காகம் பறக்கும் வழியில் 206 கிலோமீற்றர்தான். தரைவழியோ 300 கிலோமீற்றரளவு. ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்கவும் வேண்டும். கல்லடி அம்மாவின் 21 மணித்தியாலம் வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் 31. அவர் 10 மணி விமானத்துக்கு இரவு 12 மணிக்குள் புறப்பட்டாக வேண்டும். மின்னேரியா, ஹபரணைப் பாதையில் யானை இறங்கும் நேரம் அது. நான் சொல்வேன், முதல் நாள் பகலிலேயே புறப்பட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு அவரைத் தூங்க வையுங்கள், மகள்.