மணல் மூட்டைமேல் மண் கொட்டலாமா?

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் எங்கள் ஊரில் தென்பெண்ணைக் கரை உடைந்தது. அடுக்கிய மணல் மூட்டைகள் மேலேயே மண் கொட்டி உயர்த்தினால் போதாதா?

பதில்: போதாது. சாக்கு மக்கியதும் மூட்டைகளுக்கு இடையே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். மூட்டை, சேறு, வேர் எல்லாவற்றையும் கெட்டித்தரை வரை எடுத்தாக வேண்டும். பழைய கரையின் இரு முனைகளையும் படிப்படியாக வெட்டி, புது மண்ணை அதோடு பிணைக்க வேண்டும். மறுபடி உடைவது பெரும்பாலும் இந்த இணைப்பில்தான். 20 செ.மீ. அடுக்காகக் கொட்டி, ஈரப்படுத்தி, உருளை ஓட்ட வேண்டும். லாரி மண்ணை மொத்தமாகக் குவித்து மேலே மட்டும் உருட்டுவது கண்துடைப்பு. வெறும் ஆற்றுமணல் கசியும். தனிக் களிமண் வெயிலில் வெடிக்கும். இரண்டும் கலந்த மண்ணே நல்லது. கைப்பிடி ஈரமண்ணை உருட்டிப் பாருங்கள், உதிரக் கூடாது.

ஊர்க்காரர்களுக்கும் வேலை உண்டு. முதலில் எங்கே கசிந்தது, நண்டு வளை எங்கே, மாடு இறங்கி எங்கே கரை தாழ்ந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். சுவரில் வெள்ளக் கறை அழியுமுன் பெயின்ட்டில் கோடு போடுங்கள். இவற்றை வரைபடத்தோடு கிராம சபைத் தீர்மானமாக்கி, கரை வேலைக்கான செலவு மதிப்பீடு தயாராகும் முன்பே நீர்வளத் துறைப் பொறியாளரிடம் கொடுங்கள்.