கொலைவெறி ரத்தத்தில் வருமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கொலை வழக்கில் உள்ளே போய்விட்டான். "அப்பன் புத்தி, ரத்தத்திலேயே இருக்கு" என்கிறார்கள். நிஜமா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ரத்தத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம்மா, அப்புறம் நாம் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிறவிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைக் குழந்தையிலிருந்து கவனித்து வருகிறார்கள். 2002இல் வந்த முடிவின்படி, மூளையின் ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் எம்ஏஓஏ என்ற மரபணு மந்தமாக வேலை செய்த ஆண்பிள்ளைகளில் சிறுவயதில் கொடுமைப்பட்டவர்கள்தான் வன்முறைப் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள், அதே மரபணுவோடு அடி உதை இல்லாமல் வளர்ந்தவர்கள் அப்படிச் சாயவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதற்கு ஒத்துப்போகவில்லை, ஆனால் ஒரு மரபணுவை வைத்து எவனையும் கொலைகாரன் என்று முத்திரை குத்த முடியாது என்பது உறுதி.

நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி. அப்பா சம்சு குடித்துவிட்டு வந்தால் பெரியவன் ரப்பர் பால் வாளிகளுக்குப் பின்னால் ஒளிவான், அவர் இழுத்துப் போட்டு பெல்ட்டால் விளாசுவார், நாங்கள் சன்னலைச் சாத்திக்கொள்வோம். சின்னவனை ஐந்து வயதிலேயே பாட்டி தூக்கிப் போய்விட்டார். பெரியவன் பதினேழு வயதில் பாராங் கத்தியைத் தூக்கினான். சின்னவன் இன்று லோரி ஓட்டுகிறான், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டான். அந்தச் சன்னலைச் சாத்தியது இன்னும் என்னை உறுத்துகிறது.

சரி, அந்தப் பையனுக்குத் தம்பி தங்கை இருக்கிறார்களா? விசாரியுங்கள். அடி விழுகிறது என்று தெரிந்தால் மலேசிய அரசின் உதவி எண்ணான 15999 தாலியான் காசேவுக்கு உடனே போன் போடுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.