வேலை போய் ஆசிரியரானது கடவுள் காட்டிய வழியா?

மென்பொருள் வேலை போனதும் கணித ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். இது கடவுள் காட்டிய வழியா, இறக்கமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் கணக்கு எழுதும் வேலையிலிருந்து இப்படித்தான் வந்தேன். வேண்டிக்கொண்டது வேறு, கிடைத்தது வகுப்பறை. அதற்கு இன்றும் தினமும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

பதிலை வகுப்பிலேயே தேடுங்கள். கேள்வி கேட்டுவிட்டு 3 விநாடியாவது பேசாமல் நில்லுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். பொறுத்துப் பாருங்கள், கடைசி வரிசையில் எப்போதும் தலைகுனிந்திருக்கும் பிள்ளை மெல்லக் கையைத் தூக்கும். எனக்கு அந்தக் கைதான் பதிலாக வந்தது. சம்பளக் கவலை நியாயமானதுதான், அதையும் கடவுளிடமே மனம்விட்டுச் சொல்லுங்கள். இந்தக் கல்வியாண்டு முடியட்டும், அப்புறம் முடிவெடுங்கள்.