வாடகை ஒப்பந்தத்தில் கரண்ட் பற்றி என்னென்ன எழுத வேண்டும்?

கேள்வி: மாவு மில் போட ஒரு கடையை வாடகைக்குப் பேசியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் "மின்கட்டணம் வாடகைதாரர் பொறுப்பு" என்று ஒரே வரிதான் இருக்கிறது. போதுமா?

போதாது. பில்லை யார் கட்டுவது என்று மட்டும்தான் அந்த வரி சொல்கிறது. உங்கள் மோட்டார் ஓடுமா என்று சொல்லவில்லையே!

அந்த இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு (ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்திறன்) எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மோட்டாரின் திறனைச் சொல்லும் ஹெச்பியில் (குதிரைத்திறன்) 1 என்பது 746 வாட். 10 ஹெச்பி அரவை மோட்டாருக்கே சுமார் 7.5 கிலோவாட். மிளகாய்க்குத் தனியாக 5 ஹெச்பி போட்டால் 11 கிலோவாட்டைத் தாண்டிவிடும். இவ்வளவு லோடுக்கு த்ரீ பேஸ் (மும்முனை) இணைப்பு வேண்டும்; கடையில் இருப்பது வீடுகளில் இருப்பதுபோல் சிங்கிள் பேஸ் (ஒருமுனை) என்றால் கதை முடிந்தது. இணைப்பு ஓனர் பெயரில் இருப்பதால் லோடு கூட்ட அவர் கையெழுத்தும் வேண்டும். எனவே "இத்தனை கிலோவாட் த்ரீ பேஸ் இணைப்பை இந்தத் தேதிக்குள் உரிமையாளர் பெற்றுத் தருவார், அதுவரை வாடகை இல்லை" என்று எழுதி வாங்குங்கள். அந்த இணைப்புக்கான டெபாசிட்டை யார் கட்டுவது, திரும்பி வந்தால் யாருக்கு என்பதையும் சேருங்கள்.

"வீட்டு இணைப்பிலேயே ஓட்டிக்கோங்க" என்று ஓனர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிப்பார்கள்.

அடுத்தது சாமான்கள். மீட்டர் பெட்டி, மெயின் சுவிட்ச் ஓனருடையவை; மோட்டார், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், நீங்கள் இழுக்கும் கேபிள் உங்களுடையவை என்று பட்டியலே போட்டுவிடுங்கள். என் மச்சான் காலி செய்தபோது, "சுவரில் இருப்பதெல்லாம் எனக்கு" என்று ஓனர் கேபிளைக் கழற்றவே விடவில்லை.

சாவி வாங்கும் அன்றைய மீட்டர் ரீடிங்கை ஒப்பந்தத்திலேயே குறித்துவிடுங்கள். பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது.