முதுகில் ஊசி போட்ட பின் தலைவலியும் காய்ச்சலும்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் வேலை. சர்க்கரை உண்டு. ஜவ்வு விலகி வலது கால்வரை இழுத்த வலிக்கு, 6 நாட்களுக்கு முன் முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மறுநாளிலிருந்து எழுந்து உட்கார்ந்தால் தலை வெடிக்கிறது, படுத்தால் விட்டுவிடுகிறது. சர்க்கரை 310. நேற்றிலிருந்து லேசாகக் காய்ச்சல். மாத்திரை போட்டால் இறங்குகிறது. தலைவலிக்கு என்ன செய்யலாம்?
- வாசகி, ராயபுரம்

பதில்: நீங்கள் தலைவலியைக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. எனக்குக் கவலை தருவது அந்தக் காய்ச்சல்தான்.

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையில் ஊசி முனை பட்டுத் துளை விழுந்தால் உள்ளிருக்கும் நீர் கசியும். அதனால்தான் உட்கார்ந்தால் வலி, படுத்தால் நிம்மதி. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால், அவர் கையிலிருந்தே 20 மில்லி அளவுக்கு ரத்தம் எடுத்து முதுகில் செலுத்துவார்கள். அது உறைந்து துளையை அடைத்துக்கொள்ளும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது மாதிரிதான். ஆனால் காய்ச்சல் இருக்கும்போது இதைச் செய்ய மாட்டார்கள்.

ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். ஆறாவது நாளிலும் 310 என்றால், காய்ச்சலோடு சேர்த்து, ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடிக்கிறதா, மூளைக்காய்ச்சலா என்று பார்த்தே ஆக வேண்டும். இவை அபூர்வம்தான். சர்க்கரை நோயாளிக்கு அபாயம் கூடுதல். பாராசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம்.

இன்றே ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும். கால் துவண்டாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நரம்பு நெருக்கப்படும் அறிகுறிகள் அவை. ஆண்கள் இதையெல்லாம் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களே கேளுங்கள்.

ஊசி போட்ட இடத்தில் கொடுத்த சீட்டையும், அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். ஆட்டோவில் உட்கார வைத்துக் குலுக்க வேண்டாம். 108-ஐ அழைத்தால் படுத்தபடியே போகலாம்.